கருவி காட்டுவதும் உண்மையும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற தொழிற்கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவதே மரபு. ஆனால் செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, "வாழ்த்துக் கூறப் பலர் இருக்கிறார்கள், நீங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள். வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் கையோடு கொண்டுபோக ஏதேனும் ஒன்று வேண்டும்" என்று பணித்தார்கள். அந்தப் பணிப்பை ஏற்று, நான் நாள்தோறும் கையாண்டுவரும் ஒரு கருவியைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். ஆசிலாஸ்கோப் என்னும் அலைகாட்டியே அக்கருவி. உயர் அதிர்வெண் கொண்ட மின்குறிகளை அதில் எவ்வாறு பிழையின்றிக் காண்பது என்பதே என் உரையின் பொருள்.

இது மின்னணுவியல் பயில்வோர்க்கு மட்டும் உரிய செய்தி என்று மற்றவர்கள் எண்ண வேண்டா. அளவுகோலைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடத்தை நான் நூலில் கற்கவில்லை. ஒரு தவறு செய்து கற்றேன். அதனை முதலில் உங்கள்முன் ஒப்புக்கொண்டு, பிறகு பொருளுக்கு வருகின்றேன்.

நான் செய்த தவறு

பல ஆண்டுகளுக்கு முன்னர், மின்னணுப் பலகைகளைப் பூட்டி அனுப்பும் தொழிற்கூடம் ஒன்றில் சோதனைப் பிரிவில் நான் பணியாற்றினேன். சால்டரிங் என்னும் பற்றாசு வேலையில் என்னினும் இளையவர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் அவர் முடித்து அனுப்பிய பலகைகளை நான் அலைகாட்டியில் பார்த்தேன். சதுர அலை ஒழுங்காக ஏறி நிற்க வேண்டிய இடத்தில், உச்சியைத் தாண்டி எழும்பி, நாலைந்து முறை குலுங்கி, அதன் பின்னரே அடங்கியது. எல்லாப் பலகைகளிலும் அதே குலுக்கல். "பற்றாசு சரியில்லை" என்று சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன்.

அவர் அனைத்தையும் மீண்டும் செய்தார். மீண்டும் அதே குலுக்கல். "அண்ணே, ஜாயிண்டு எல்லாம் நல்லாத்தானே இருக்குது, நீங்களே பாருங்க" என்று என்னிடம் வந்து நின்றார். நான் திரும்பியும் பாராமல், "ஸ்கோப் காட்டுது தம்பி, ஸ்கோப் பொய் சொல்லுமா?" என்றேன். மறுநாள் அவரைப் பற்றாசு மேசையிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றினார்கள்.

ஒரு வாரம் கழித்து மூத்த தொழில்நுட்பர் ஒருவர் கருவிகளைச் சரிபார்க்க வந்தார். என் மேசையருகே நின்று சற்று நேரம் பார்த்தார். பிறகு நான் பயன்படுத்திய புரோப்பில் தொங்கிய நீண்ட எர்த் கம்பியைக் கழற்றினார். புரோப்பின் மூக்கருகே உள்ள உலோக வளையத்தில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி, அதன் நுனியை அளக்குமிடத்தின் பக்கத்திலேயே தரைப் புள்ளியில் வைத்தார். திரையில் குலுக்கல் மறைந்தது. சதுர அலை நேராக நின்றது. ஒதுக்கி வைத்திருந்த பலகைகள் அத்தனையையும் அம்முறையில் அளந்தோம். அத்தனையும் சரியாக இருந்தன.

குற்றம் அந்தத் தம்பியின் கையில் இருக்கவில்லை. என் கையில் இருந்தது. மேற்பார்வையாளரிடம் சென்று சொன்னேன். அவர் பழைய மேசைக்குத் திரும்பினார். ஆனால் அந்த ஒரு வாரத்தில் அவர் இழந்த மிகைநேரக் கூலியும், எல்லார் முன்னிலையிலும் கேட்ட சொற்களும் திரும்பவில்லை. அன்று முதல், "கருவி காட்டுகிறது" என்ற சொல்லை நான் தனித்துச் சொல்வதில்லை. எந்தக் கருவி, எப்படி இணைக்கப்பட்டு, எந்த எல்லைக்குள் காட்டுகிறது என்று கேட்ட பின்னரே சொல்கிறேன்.

கருவியின் வரலாறு

எதிர்மின் கதிர்க் குழாயைக் கொண்டு மின் அலையைக் கண்ணால் காணும் வழியை 1897ஆம் ஆண்டு அமைத்தவர் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன். கம்பியில்லாத் தந்தித் துறையில் ஆற்றிய பணிக்காக அவரும் மார்க்கோனியும் 1909இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அமெரிக்காவில் 1946இல் தோன்றிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், அலையின் குறித்த ஓர் இடத்திலிருந்து கதிரை ஓடச் செய்யும் 'டிரிகர்' முறை அமைந்த 511 என்னும் அலைகாட்டியை 1947இல் வெளியிட்டது. அலை திரையில் அசையாது நிற்பதால், அதன் உயரத்தையும் நேரத்தையும் நம்பிக்கையோடு அளக்க முடிந்தது.

அந்நாளைய அலைகாட்டியில் மின்குறியே கதிரை நேராக அசைத்தது. இன்று நாம் கையாளும் டிஜிட்டல் அலைகாட்டியின் முறை வேறு. மின்குறியை நொடிக்குப் பல கோடி முறை தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு தொடுதலையும் ஓர் எண்ணாக்கி, நினைவகத்தில் இட்டு, பிறகு அவ்வெண்களைக் கொண்டு திரையில் கோடு வரைகிறது. ஆகவே நாம் காண்பது அலையைப் பற்றிக் கருவி எழுதிய ஓர் அறிக்கை. அறிக்கை திரைக்கு வருமுன் நான்கு வாயில்களைக் கடக்கின்றது. ஒவ்வொரு வாயிலிலும் உண்மை சிறிது மாறக்கூடும். அதிர்வெண் உயர உயர மாற்றமும் பெருகும்.

விளங்கிக்கொள்ள ஒரே எடுத்துக்காட்டை இறுதிவரை வைத்துக்கொள்வோம். சிறிய நுண்கட்டுப்படுத்திப் பலகைகளில் 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று பொருத்தியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதாவது நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகள். அத்தகைய பலகையிலிருந்து வெளிவரும் 16 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை அளக்கப் போகிறோம்.

முதல் வாயில்: பட்டை அகலம்

கருவியின் முகப்பில் 100 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால், 100 மெகாஹெர்ட்ஸ் வரை அனைத்தையும் சரியாகக் காட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பட்டை அகலம் என்பது, சைன் அலையின் வீச்சு அதன் உண்மை அளவில் 70.7 சதவீதமாகக் குறைந்துவிடும் அதிர்வெண். 100 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 100 மெகாஹெர்ட்ஸ் கொண்ட 1 வோல்ட் சைன் அலையைப் பார்த்தால் ஏறத்தாழ 0.7 வோல்ட் என்றே காட்டும். கருவி பழுதடையவில்லை, தன் முகப்பில் சொல்லியபடியே நடந்துகொள்கிறது. பிழை 2 சதவீதத்துக்குள் அடங்க வேண்டுமெனில், அளக்கும் அலையின் அதிர்வெண்ணைப்போல் 5 மடங்கு பட்டை அகலம் வேண்டும்.

இது சைன் அலைக்கு. சதுர அலையின் நிலை இன்னும் கடினம். பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட வெப்பவியல் நூலில் விளக்கிய முறைப்படி, சதுர அலை பல சைன் அலைகளின் கூட்டாகும். நம் 16 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையில் 48 மெகாஹெர்ட்ஸ், 80 மெகாஹெர்ட்ஸ், 112 மெகாஹெர்ட்ஸ் என ஒற்றைப்படை மடங்குகள் உள்ளடங்கியிருக்கின்றன. அதன் மூலைகளைக் கூர்மையாக்குபவை இவையே. 20 மெகாஹெர்ட்ஸ் கருவி இவற்றைப் பெரும்பாலும் வாயிலிலேயே தடுத்துவிடுகிறது. அப்போது சதுர அலை மூலை மழுங்கி ஏறத்தாழச் சைன் அலையைப்போல் தோன்றும். அதைக் கண்டு, சில்லு கெட்டுவிட்டது என்று கழற்றி எறிவோரும் உண்டு.

இதனை எண்ணால் அறிய எளிய வாய்பாடு ஒன்று இருக்கிறது. 0.35ஐப் பட்டை அகலத்தால் வகுத்தால் கருவியின் எழும் நேரம் கிடைக்கும். எழும் நேரம் என்பது, அலை 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏற எடுத்துக்கொள்ளும் காலம். 20 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு அது 17.5 நானோவினாடி, 100 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு 3.5 நானோவினாடி, 350 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு 1 நானோவினாடி. ஒரு நானோவினாடி என்பது ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. மிக உயர்ந்த கருவிகள் சிலவற்றில் 0.35க்குப் பதிலாக 0.4 முதல் 0.45 வரை கொள்ள வேண்டும். அதனைக் கருவியின் கையேட்டில் காணலாம்.

திரையில் தெரியும் எழும் நேரம், அலையின் எழும் நேரத்தின் வர்க்கத்தையும் கருவியின் எழும் நேரத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. நம் அலை உண்மையில் 3 நானோவினாடியில் எழுகிறது என்று கொள்வோம். 20 மெகாஹெர்ட்ஸ் கருவி அதனை ஏறத்தாழ 17.8 என்று காட்டும். 100 மெகாஹெர்ட்ஸ் கருவி 4.6 என்று காட்டும். 350 மெகாஹெர்ட்ஸ் கருவி 3.2 என்று காட்டும். அலை ஒன்றே; விடைகள் மூன்று. கருவியின் எழும் நேரம் அலையின் எழும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் இருந்தால் பிழை 5 சதவீத அளவில் நிற்கும் என்பதை நினைவில் கொள்க.

புரோப்புக்கும் பட்டை அகலம் உண்டு. 350 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 100 மெகாஹெர்ட்ஸ் புரோப்பை மாட்டினால், இரண்டும் சேர்ந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவாகவே நிற்கும். அகன்ற கால்வாய்க்குக் குறுகிய மடை வைத்தது போலாகும்.

இரண்டாம் வாயில்: புரோப்

நாம் பெரும்பாலும் கையாளும் பத்துக்கொன்று புரோப்பின் மின்தடை 10 மெகாஓம். இவ்வளவு பெரிய தடை சுற்றைத் தொந்தரவு செய்யாது என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆனால் அதன் நுனியில் 10 பிக்கோஃபாரட் அளவிலான மின்தேக்கமும் உண்டு. அதிர்வெண் ஏற ஏற மின்தேக்கியின் மின்மறுப்பு குறைந்துகொண்டே வரும். 16 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 1,000 ஓம். 100 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 160 ஓம். பத்து மெகாஓம் என்று நாம் நம்பியிருந்தது நூற்றுக்கணக்கான ஓமாகச் சுருங்கிவிடுகிறது. அளக்க வந்தவரே சுற்றின்மீது ஏறி உட்கார்ந்துகொள்கிறார்.

புரோப்பில் ஒன்றுக்கொன்று என்னும் நிலையில் இது இன்னும் மோசம். மின்தேக்கம் 100 பிக்கோஃபாரட் அளவுக்கு ஏறும். பட்டை அகலமோ பல புரோப்புகளில் 10 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. 16 மெகாஹெர்ட்ஸ் அலையை அந்நிலையில் வைத்துப் பார்ப்பது வீண். உயர் அதிர்வெண்ணுக்குப் பத்துக்கொன்று நிலையே உரியது. புரோப்பில் உள்ள சுவிட்சும் கருவியின் திரையில் உள்ள அமைப்பும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொருந்தாவிடின் வோல்ட் கணக்கு பத்து மடங்கு பிழைக்கும்.

இங்கே அனுபவப் பாடம் ஒன்று. பலகை ஓடவில்லை; படிகம் துடிக்கிறதா என்று அறியப் படிகத்தின் காலிலேயே புரோப்பை வைக்கிறோம். துடிப்பு இல்லை. படிகம் செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். ஆனால் படிகத்தின் இரு கால்களிலும் 22 பிக்கோஃபாரட் போன்ற சிறு மின்தேக்கிகளே அமைந்திருக்கின்றன. அதில் நாம் இன்னும் 10 பிக்கோஃபாரட்டைச் சேர்த்தால் அதிர்வெண் நகர்ந்துவிடும். சில சுற்றுகளில் துடிப்பே நின்றுவிடும். நாம் தொட்டதால் நின்றதை, முன்பே நின்றது என்று எழுதிவிடுகிறோம். படிகத்தின் காலைத் தொடாமல், சில்லிலிருந்து கடிகாரத் துடிப்பு வெளிவரும் காலில் அளப்பதே சரியான முறை.

புரோப்பைக் கருவியில் மாட்டியவுடன் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. கருவியின் முகப்பில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் முனை இருக்கும். புரோப்பை அதில் வைத்து, புரோப்பின் சிறு திருகைத் திருப்பி, அலையின் தலை சமமாக நிற்கும்படி செய்ய வேண்டும். தலை கூம்பி நின்றாலும் சரிந்து நின்றாலும் உயர் அதிர்வெண் அளவுகள் பிழைபடும். வேறு கருவிக்கோ வேறு சேனலுக்கோ மாற்றும்போதெல்லாம் இதனை மறுபடியும் செய்க.

ஆக்டிவ் புரோப் எனப்படுவது 1 பிக்கோஃபாரட் அளவே சுமை தரும். ஆனால் விலை மிகுதி. விலை கொடுக்க இயலாதவர்க்கும் வழி உண்டு. 50 ஓம் கோஆக்சியல் கேபிளின் நுனியில் 1,000 ஓம் சிறு மின்தடையைத் தொடராகப் பற்றவைத்து, மறுமுனையைக் கருவியின் 50 ஓம் உள்ளீட்டில் இணைத்தால், 21இல் ஒரு பங்கு காட்டும் நல்ல புரோப் கிடைக்கும். சுற்றுக்கு அது தரும் சுமை 1,050 ஓம். மின்தேக்கமோ மிகக் குறைவு. நேர்மின்னோட்டத்திலும் அதே 1,050 ஓம் சுமை இருக்கும் என்பதை மட்டும் மறவாதீர்கள். சில ரூபாய்ச் செலவில் நம் பிள்ளைகள் தம் கையாலேயே செய்துகொள்ளக்கூடியது இது.

மூன்றாம் வாயில்: எர்த் கம்பி

என்னைத் தலைகுனிய வைத்த இடம் இதுதான். எந்த மின்னோட்டமும் போனால் திரும்ப வேண்டும். புரோப்பின் நுனி வழியாகச் சென்றது எர்த் கம்பி வழியாகத் திரும்புகிறது. கம்பி எதுவாயினும் அதற்குத் தூண்டம் உண்டு. தோராயமாக ஒரு சென்டிமீட்டருக்கு 10 நானோஹென்றி என்று கொள்ளலாம். புரோப்புடன் வரும் முதலைவாய்க் கிளிப் கம்பி 15 சென்டிமீட்டர் நீளம் எனில் 150 நானோஹென்றி. அது நுனியின் 10 பிக்கோஃபாரட்டுடன் சேர்ந்து ஒத்ததிர்வுச் சுற்றாகிறது. கணக்கிட்டால் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 130 மெகாஹெர்ட்ஸ்.

விரைவாக எழும் சதுர அலை வந்து மோதும்போதெல்லாம், தட்டிய மணிபோல இச்சுற்று 130 மெகாஹெர்ட்ஸில் குலுங்கும். நான் கண்ட குலுக்கல் அதுவே. பலகையில் அது இல்லை. என் கம்பியில் இருந்தது. கம்பியை 1 சென்டிமீட்டராகக் குறைத்தால் ஒத்ததிர்வு ஏறத்தாழ 500 மெகாஹெர்ட்ஸுக்கு விலகிச் செல்லும். நம் அலையை அது தீண்டாது. அதற்கென்றே புரோப்புப் பெட்டியில் சிறிய சுருள்வில் போன்ற எர்த் முனை ஒன்று வைத்திருக்கிறார்கள். பலர் அதனை என்னவென்று அறியாமல் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அது இல்லையெனில் ஒரு செப்புக் கம்பிச் சுற்று போதும்.

சோதித்தறிய ஓர் எளிய வழி கூறுகிறேன். புரோப்பின் நுனியையும் எர்த் கிளிப்பையும் பலகையின் ஒரே தரைப் புள்ளியில் வையுங்கள். திரையில் நேர்கோடு மட்டுமே வர வேண்டும். அங்கும் அலை தெரிந்தால், அது கம்பி வளையம் காற்றிலிருந்து பற்றிக்கொண்டது. சுற்றின் குற்றம் அன்று.

நான்காம் வாயில்: மாதிரியும் நினைவகமும்

திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைக் கண்டிருப்பீர்கள். படக்கருவி நொடிக்கு 24 முறை மட்டும் பார்ப்பதால் வரும் மயக்கம் அது. டிஜிட்டல் அலைகாட்டியும் இடைவிட்டுத்தான் பார்க்கிறது. அலையின் மிக உயர்ந்த அதிர்வெண்ணுக்கு இருமடங்குக்கு மேல் மாதிரி எடுத்தாலன்றி அலையை மீட்க இயலாது என்பது ஹாரி நைக்விஸ்ட் 1928இல் எழுதிய கட்டுரையில் வேர்கொண்டு, கிளாட் ஷானன் 1949இல் நிறுவிக் காட்டிய விதி. செயல்முறையில் இருமடங்கு போதாது. பட்டை அகலத்தைப்போல் 4 அல்லது 5 மடங்கு வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு நொடிக்கு 50 கோடி மாதிரி என்பது நல்ல அளவு. இரண்டு சேனல்களையும் திறந்தால் பல கருவிகளில் இவ்வேகம் பாதியாகிவிடும் என்பதையும் கவனிக்க.

இங்கே பெரிய கண்ணி ஒன்று மறைந்திருக்கிறது. முகப்பில் நொடிக்கு 100 கோடி மாதிரி என்று அச்சிட்டிருக்கும். அது உச்ச வேகம் மட்டுமே. நினைவகம் 10,000 மாதிரிகளே கொள்ளும் கருவியில், நேரக் குமிழைக் கட்டத்துக்கு 1 மில்லிவினாடி என்று வைத்தால், பத்துக் கட்டங்களுக்கு 10 மில்லிவினாடி ஆகிறது. 10,000 மாதிரிகளை அதில் பரப்பினால் நொடிக்கு 10 லட்சம் மாதிரியே வரும். நூறு கோடி, பத்து லட்சமாகிவிட்டது!

அந்நிலையில் நம் 16 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பார்த்தால் என்ன ஆகும்? படிகத்தில் பத்து லட்சத்துக்கு 50 என்னும் சிறு விலகல் இருப்பது இயல்பு. அது 800 ஹெர்ட்ஸ். கருவியின் சொந்தக் கடிகாரம் பிழையற்றது எனக் கொண்டால், திரையில் 800 ஹெர்ட்ஸ் அலை ஒன்று அழகாக, எட்டுச் சுற்றுகளாகத் தோன்றும். 1 கோடியே 60 லட்சம் என்பதற்குப் பதில் 800! திரையைப் பார்ப்பவர்க்கு ஐயமே எழாது. இதற்குப் போலி அலை என்று பெயர் வைக்கலாம்.

போலியைக் கண்டுபிடிக்க வழி: நேரக் குமிழை விரைவான பக்கம் திருப்புங்கள். உண்மையான அலை அகன்று விரியும்; அதன் அதிர்வெண் மாறாது. போலி அலையோ உருமாறும், ஓடும், மறையும். எனவே அறியாத அலையை எப்போதும் மிக விரைவான நேர அமைப்பிலிருந்து தொடங்கி மெல்ல மெல்லக் குறைத்து வாருங்கள். திரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் தெரியும் மாதிரி வேகத்தை ஒவ்வொரு முறையும் படியுங்கள். கருவியில் 'பீக் டிடெக்ட்' என்னும் முறை இருந்தால் அதனை இட்டுப் பாருங்கள்; மெல்லிய கோடாகத் தெரிந்த போலி அலை அப்போது திரையை நிரப்பும் பட்டையாகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான கருவிகள் 8 பிட் கொண்டவை; உயரத்தை 256 படிகளாகவே பிரிக்கும். எட்டுக் கட்டங்களில் ஒரே கட்டத்துக்குள் அலையை அடக்கினால் ஏறத்தாழ 30 படிகளே கிட்டும். திரைக்கு வெளியே போகாத அளவுக்கு அலையைப் பெரிதாக்கி அளக்கவும்.

உயிர்க்காப்பு

தம்பியரே, தங்கையரே! இதனைச் சற்று உரத்தே சொல்கிறேன். அலைகாட்டியின் எர்த் கிளிப், கருவியின் உடலோடும் மின்செருகியின் மூன்றாம் முனையோடும் இணைந்தது. மின்வாரிய இணைப்போடு நேரே தொடர்புள்ள பகுதியில் அந்தக் கிளிப்பை வைத்தால் பெருமின்னோட்டம் பாய்ந்து பொறி பறக்கும். அதைத் தவிர்க்க மூன்றாம் முனையை வெட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள். வெட்டினால் கருவியின் உடலே மின்னேறி நிற்கும். தொடுகிறவர் உயிர் போகும். அவ்விடங்களுக்கு டிஃபரன்ஷியல் புரோப் இருக்கிறது; அல்லது சோதிக்கப்படும் பொருளுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியே மின்சாரம் கொடுக்கலாம். அவ்விரண்டும் இல்லையெனில், "கருவி இல்லை, அளக்க மாட்டேன்" என்று சொல்வதற்கு வெட்கப்பட வேண்டா.

50 ஓம் உள்ளீட்டையும் அறிந்து கையாளுங்கள். அது பொதுவாக 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மீறினால் உள்ளே உள்ள மின்தடை கருகும்.

செய்முறை ஒழுங்கு

கூறியவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. அலையின் எழும் நேரத்தை முதலில் மதிப்பிடுக. கருவியும் புரோப்பும் அதற்குப் போதுமா என்று கணக்கிடுக.

2. புரோப்பைப் பத்துக்கொன்று நிலையில் வைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் அலையில் திருகைச் சரிசெய்க.

3. எர்த் கம்பியை இயன்றவரை குறுக்குக. நுனியையும் எர்த்தையும் ஒரே புள்ளியில் வைத்து வெற்றுக் கோட்டைச் சரிபார்க்க.

4. பட்டை அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருக்கும் அமைப்பை யாரேனும் முன்பு இட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்க்க.

5. விரைவான நேர அமைப்பிலிருந்து தொடங்குக. மாதிரி வேகத்தைப் படிக்க.

6. ஒரே அலையை இருவேறு நேர அமைப்பிலும், இருவேறு எர்த் நீளத்திலும் பார்க்க. கம்பியை மாற்றியதும் அலை மாறினால், அந்த மாற்றம் கம்பியுடையது.

7. முடிவை எழுதும்போது கருவியின் பட்டை அகலம், புரோப், எர்த் நீளம், மாதிரி வேகம் ஆகிய நான்கையும் உடன் எழுதுக.

இவ்வேழில் கடைசியானதை நான் பெரிதும் மதிக்கிறேன். அன்று என் சீட்டில் "எர்த் கம்பி 15 சென்டிமீட்டர்" என்று ஒரு வரி இருந்திருந்தால், அதைப் படித்த எவரேனும் ஒருவர் என்னைத் தடுத்திருப்பார். அவ்வரி இல்லாததால், என் கையொப்பம் ஓர் உழைப்பாளியின்மீது தீர்ப்பாயிற்று.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலர் நாளை பற்றாசு மேசையில் அமர்வீர்கள். சிலர் சோதனை மேசையில் அமர்வீர்கள். பற்றாசு மேசையில் இருப்பவரிடம் சொல்கிறேன்: உங்கள் வேலை சரியில்லை என்று ஒரு படத்தைக் காட்டினால், அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கும் அறிவும் இன்று முதல் உண்டு. சோதனை மேசையில் இருப்பவரிடம் சொல்கிறேன்: பிறர் வேலையைப் பழிக்குமுன் உங்கள் கம்பியின் நீளத்தைப் பாருங்கள்.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று எவரும் சோர வேண்டா. 50 மெகாஹெர்ட்ஸ் கருவியே கையில் இருந்தாலும், அதன் எழும் நேரம் 7 நானோவினாடி என்று அறிந்து அளப்பவர் ஏமாற மாட்டார். பன்மடங்கு விலையுள்ள கருவியை நீண்ட எர்த் கம்பியோடு பிடிப்பவர் ஏமாறுவார். இச்சங்கத்தின் பிள்ளைகள் பயிலும் அறையில் ஓர் அலைகாட்டியேனும் இருக்க வேண்டும் என்று நிருவாகக் குழுவினரை இம்மேடையிலேயே வேண்டிக்கொள்கிறேன். அது வரும் நாளில், முதல் புரோப்பின் திருகைச் சரிசெய்து கற்பிக்க நானே வருவேன் என்று உறுதி கூறுகிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகள் கல்விப் பணியாற்றிய இச்சங்கம் மேலும் வளர்க என வாழ்த்துகிறேன்.